ஒரு கையெழுத்துக் குறைந்த தாள்

அண்ணன் போன மாசியில் இறந்தான். அவனுடைய தகரப் பெட்டியை ஒழித்தபோது அடியில் அந்தத் தாள் கிடந்தது. பதிவுக் கல்யாணத்துக்கான உறுதிமொழித் தாள். மணமகள் என்று போட்ட இடத்தில் குண்டு குண்டாக ஒரு கையெழுத்து. மணமகன் என்ற இடம் காலி. ஐம்பது வருடமாக அதை மடித்து வைத்திருந்திருக்கிறான். எனக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. செத்த பிறகும் என்னை எரிச்சல்படுத்த அவன் ஒருவனால்தான் முடியும்.

அண்ணன் செங்கல்பட்டில் கணக்கு வாத்தியார். ஐயர், மந்திரம், ஓமம் எதுவும் தன் கல்யாணத்தில் கூடாது என்று ஊரறியச் சொல்லிவிட்டான். வெறுமனே மாலை மாற்றிக்கொண்டால் செல்லாது என்று அப்போது கோர்ட்டில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சமயத்தில்தான் ஐயரும் வேண்டாம், சாமியும் வேண்டாம், ஆபீசில் கையெழுத்துப் போட்டால் போதும் என்று புதுச் சட்டம் வந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பெண் தேட வேண்டிய வேலையும் இல்லை. திருவிடந்தையில் எங்கள் அத்தை மகள் இருந்தாள். எனக்குப் பேச்சு வந்த நாளிலிருந்து அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். யாரும் சொல்லித் தரவில்லை. அண்ணனுக்கு முறைப்பெண்ணான அத்தை மகளை வேறு எப்படிக் கூப்பிடுவது?

அவளுக்கு இருபத்துநாலு முடிந்துவிட்டது. அத்தை புருஷன், எங்கள் மாமா, பொறுத்துப் பார்த்துவிட்டுக் கடைசியில் வாய்விட்டே சொன்னார்: "இன்னா மாப்ள, இன்னும் எத்தினி நாளு? ஆவணிக்குள்ள முடிச்சிக்க. இல்லாங்காட்டி செய்யூர்ல ஒரு எடம் கீது, குட்த்துடுவேன்." அவர் சொன்னால் செய்கிற ஆள்.

அண்ணன் பதிவு ஆபீசில் கல்யாண நோட்டீஸ் கொடுத்தான். ஆபீஸ் பலகையில் அது ஒரு மாதம் தொங்கியது, யாரும் ஆட்சேபிக்கவில்லை. எப்படி ஆட்சேபிப்பார்கள்? ஊரில் எல்லாருக்கும் அது எப்போதோ நடந்திருக்க வேண்டிய கல்யாணம். ஆனியில் ஒரு நாள் சாட்சிகளோடு போனோம். மூன்றாவது சாட்சி நான். அதிகாரி தாளை நீட்டியதும் அண்ணி வாங்கிப் படித்துவிட்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள். அண்ணன் பேனாவைத் திறந்தான். அதிகாரி பேச்சுக்குத்தான் கேட்டார், பொண்ணு உறவா என்று.

"சொந்த அத்தை பொண்ணு சார்" என்றான் பெருமையாக.

அதிகாரி பெருமூச்சு விட்டுச் சட்டப் புத்தகத்தைப் புரட்டினார். ஓர் ஆண் யார் யாரையெல்லாம் கட்டக் கூடாது என்று ஒரு நீளப் பட்டியல். அது பெற்ற தாயில் தொடங்குகிறது. தாயைக் கட்டாதே என்று தமிழனுக்கு அச்சடித்துச் சொல்லியிருக்கிறார்கள்! பாட்டி, மகள், அக்கா தங்கை என்று போய்க் கடைசியில் அத்தை மகள், மாமன் மகள். எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணங்கள் அந்தக் கடைசி வரிகளில்தான் நடக்கின்றன. கோயிலில் இந்து முறைப்படி செய்துகொண்டால் ஊர் வழக்கம் என்று இந்துக் கல்யாணச் சட்டம் விட்டுவிடுமாம். இந்தச் சட்டத்தில் வழக்கத்துக்கு இடமில்லையாம். கூட இருந்த குமாஸ்தா நல்ல மனிதர். "இன்னாத்துக்கு சார் நீங்களே வாயக் குட்த்து மாட்டிக்கினு? நீங்க ஒண்ணும் சொல்லல, நாங்க ஒண்ணும் கேக்கல. கையெய்த்தப் போட்டுட்டுப் போய்க்கினே இருங்க" என்றார். அதிகாரியும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணன் பேனாவை மூடினான். "தடை செஞ்ச உறவு இல்லைன்னு பொய்க் கையெழுத்துப் போட்டு ஆரம்பிக்கிற குடித்தனம் எனக்கு வாணாம் சார்."

வெளியே படிக்கட்டில் அண்ணி அவனிடம் கேட்டாள்: "எங்க தெருக்கோடியிலயே பெருமாள் கீறாரு மாமா. கல்யாணம் ஆவாதவங்க எங்கெங்கிருந்தோ மாலையத் தூக்கிக்கினு வர்றாங்க. நாம போனா இன்னா?" அதற்கும் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டான். மந்திரமும் கூடாது, பொய்யும் கூடாது. சட்டத்தைத் திருத்தச் சொல்லி டில்லிக்கு எழுதப் போகிறானாம்! ஆடி முழுக்க எழுதினான். அங்கே முத்திரை குத்திப் பதில் வருவதற்குள் இங்கே ஆவணி வந்துவிட்டது. மாமா சொன்னபடி செய்யூர் வேர்க்கடலை வியாபாரிக்குக் கொடுத்துவிட்டார். அண்ணன் அந்தக் கல்யாணத்துக்கும் போய் முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்தான்.

சில வருடங்கள் கழித்து, வழக்கம் உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். பேப்பரும் கையுமாக என் வீட்டுக்கு ஓடி வந்தான். "பாத்தியா, நான் சொன்னது சரியாப் போச்சு!" அப்போது அண்ணிக்கு இரண்டு பிள்ளைகள். அந்தப் பேப்பரை அவன் கண்ணெதிரிலேயே அடுப்பில் போட்டேன். கடைசிவரை அவன் யாரையும் கட்டவில்லை.

அண்ணி இப்போது நாவலூரில் மகன் வாங்கிய அடுக்குமாடி வீட்டில் இருக்கிறாள். புருஷன் போய்ப் பல வருடமாகிறது. தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். எனக்கு அந்த நாளின் கோபம் திரும்பி வந்தது. "நீ மட்டும் எப்டி அண்ணி அன்னிக்கிக் கூசாமப் பொய்க் கையெய்த்துப் போட்ட?" என்றேன்.

"பொய்யா? கட்டக் கூடாத ஒறவு இல்லன்னுதான இதுல எய்திக்கீது? உங்கண்ணன் எனக்குக் கட்டிக்கிற மொறைதான? நா உண்மையத்தான் போட்டேன். அவருதான் அவுங்க லிஸ்ட்ட நம்பிட்டாரு."

இத்தனை வருடத்தில் எனக்கும் இது தோன்றவில்லையே என்று என்மேலேயே எரிச்சல் வந்தது. இருட்டுமுன் பஸ் பிடிக்க வேண்டும் என்று எழுந்து, தாளுக்காகக் கையை நீட்டினேன். அண்ணி அதை நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இது இங்கியே இருக்கட்டும். நீ ஜாக்கிரதையாப் போ" என்றாள்.