அரக்குச் சாயமும் வேர்க்கடலைத் தோலும்

பட்டறையைத் தெருவை விட்டு எடுக்கச் சொன்னார்கள். நான் எடுக்கவில்லை. இன்றைக்கும் பெரிய காஞ்சிபுரத்தில் அதே வீட்டின் பின்கட்டில்தான் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறேன். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச வராது. அதனால் எழுதி வைக்கிறேன்.

பின்வீட்டு அக்கா இட்லிக் கடை வைத்திருக்கிறார். ஒரு காலையில் தன் கிணற்றுத் தண்ணீரை ஒரு குடத்தில் கொண்டுவந்து என் வாசலில் வைத்தார். வெளிர் சிவப்பாக இருந்தது.

"இத நீ குடிச்சிக் காட்டுபா. நான் ஒண்ணும் பேசாம போயிடுறேன்."

நான் குடிக்கவில்லை. சாயம் போட்டு மிஞ்சுகிற தண்ணீர் பல வருடமாக ஒரே குழிக்குத்தான் போகிறது. அந்தக் குழிக்கும் அவர் கிணற்றுக்கும் நடுவே ஒரு சுவர் மட்டும். தெருச் சங்கத் தலைவர் வந்தார். அமாவாசைக்குள் ஒரு வழி பண்ணு, இல்லாவிட்டால் பட்டறையை மூடு என்றார். எனக்கு வேறு தொழில் தெரியாது.

அடுப்பெரிக்க, கடலையை உடைத்தபின் மிஞ்சுகிற வேர்க்கடலைத் தோலை மூட்டையாக வாங்குவது வழக்கம். ஒருமுறை ஒரு மூட்டைமேல் அரக்குச் சாயம் கொட்டிவிட்டது. அடியில் கசிந்த தண்ணீர் வெளுத்திருந்தது, தோல்தான் சிவந்திருந்தது. அதை நம்பி இறங்கினேன். தோலை வெந்நீரில் அலசிக் காயவைத்து, இடித்து, டிரம்மில் நிரப்பினேன். மேலே சாயத் தண்ணீரை ஊற்றினேன், கீழே குழாய் வைத்தேன். முதலில் பாதி நிறம்தான் நின்றது. இன்னும் பொடியாக இடித்து, மெதுவாக விட்டபோது லேசான மஞ்சளாக வந்தது.

அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "இன்னாபா, சாயத்துல சுண்டல் போடுறியா?"

"சிரிங்கக்கா. தண்ணி வெளுத்துக்கினு வருது."

அமாவாசை நெசவுக்கு விடுமுறை. அன்று தறி ஓடாது, சாய அடுப்பும் எரியாது. அதை நான் யோசிக்கவில்லை. தலைவர் நாலு பேரோடு வந்து நின்றபோது காட்டுவதற்குச் சாயத் தண்ணீர் இல்லை. முந்தின நாள் பட்டு நூலில் பசை எடுத்த சோப்பும் சலவைச் சோடாவும் கலந்த அழுக்குத் தண்ணீர்தான் அண்டாவில் இருந்தது. சாயத்தையே பிடிக்கிற தோலுக்கு இது எம்மாத்திரம் என்று அதை ஊற்றினேன்.

குழாயில் அரக்குச் சிவப்பாகக் கொட்டியது. தோல் பிடித்து வைத்திருந்த நிறமெல்லாம் இறங்கிவிட்டது.

"சாயத்த எடுக்கச் சொன்னா, புதுசா போட்டு அனுப்புறான்பா," என்றார் தலைவர். எல்லோரும் சிரித்தார்கள். "நாளையோட மூடிடு."

"மூட மாட்டேங்க."

"இன்னா சொன்ன?"

"நாளைக்கு சாயம் போடுற நாளு. வந்து பாருங்க. அப்பவும் செவப்பா வந்தா, நானே பூட்டி சாவிய அக்கா கையில குடுக்குறேன்."

அவர்கள் போனபின் சிவந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதே தோல், அதே டிரம். மாறினது தண்ணீர்தான். அமிலம் விட்டுப் புளிப்பேறிய தண்ணீரில் பட்டு சாயத்தைப் பிடிக்கும், சோடாவில் விட்டுவிடும். நூலுக்குத் தினமும் பார்க்கிற இந்த விஷயத்தைத் தோலுக்குப் பார்க்காமல் போனேன். சோப்புத் தண்ணீருக்குத் தனித் தொட்டி வைத்தேன். புதுத் தோலை நிரப்பி, சாயத்துக்குப் போடுகிற அமிலத்தில் கொஞ்சம் கலந்த தண்ணீரால் நனைத்து வைத்தேன்.

மறுநாள் தலைவர் முன்னாலேயே சாயத் தண்ணீரை ஊற்றினேன். குழாயில் வந்ததை அக்காவே கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தார்.

"மஞ்சளா இருக்குதே."

"இருக்குதுக்கா. செவப்பில்ல."

"குடிப்பியா?"

"மாட்டேன். நீங்களும் குடிக்காதீங்க. இது குழிக்குப் போற தண்ணி."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, போட்டுக்கினு இரு. கெணறு தெளியற வரைக்கும் தெனம் ஒரு கொடம் கொண்டாந்து காட்டுவேன்."

தலைவருக்கு இது பிடிக்கவில்லை. சிவந்துபோன தோலை என்ன செய்வாய், ஏரிக்கரையில் கொட்டிவிடு என்றார். அதுவும் முடியாது என்றேன். அங்கே மழை பெய்தால் சாயம் திரும்ப இறங்கும், வேறொரு கிணறு சிவக்கும். அடுப்பிலும் போட மாட்டேன், அந்தப் புகையை நான்தான் குடிக்க வேண்டும்.

காய்ந்த மூட்டைகள் இப்போது என் முன்னறையில் கூரை வரை நிற்கின்றன. யாருக்கும் கெடுதல் இல்லாத இடம் ஒன்றை யாராவது காட்டட்டும். அதுவரை இவை என் வீட்டைத் தாண்டாது. நானும் இந்தத் தெருவைத் தாண்ட மாட்டேன்.