ராணி எறும்புக்கு ஒரு சிட்டிகை கோலமாவு

ரெண்டு வருசத்துக்கு முந்தின ஐப்பசி மாசம், திருச்சுழி ரோட்டுப் பக்கம் இருக்கிற எங்க ஊரில் நடந்தது இது. நான் அஞ்சாப்பு வரைக்கும்தான் படிச்சவள். நாலு பேர் முன்னால் பேச்சு வராது, அதனால் எழுதுகிறேன்.

அப்போது என் மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். அருப்புக்கோட்டையில் ரத்தம் சோதிக்கிற இடத்தில் வேலை அவளுக்கு. ரெண்டாவது தடவையும் பிள்ளை வயித்தில் தங்காமப் போச்சு. லீவு போட்டுவிட்டு வந்தவள், உள்ரூமில் சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். மருமகன் போன் பண்ணினாலும் ஒரு "ம்" தான். நான் சும்மா சும்மா கதவைத் திறந்து, "ஒரு வாய் சாப்புடு தாயி" என்று நிற்பேன்.

ஒரு சாயங்காலம் மழை பெய்து விட்டது. கரிசல் மண் வாசம் வீடு பூராவும். மஞ்ச வெயிலில் ரெக்கை முளைச்ச கட்டெறும்புகள் மிதந்து மிதந்து திரிந்தன. ஒண்ணு ஜன்னல் கட்டையில் இறங்கி, தன் ரெக்கையைத் தானே கழற்றிப் போட்டது. மகள் எழுந்து உட்கார்ந்தாள். பையில் கிடந்த சின்னக் கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணி ஊற்றிப் பஞ்சால் அடைத்தாள். எறும்பை உள்ளே விட்டு, வாயையும் பஞ்சால் மூடினாள்.

"இது ராணிம்மா. ஒத்தையா இருந்தே ஒரு கூட்டத்த உண்டாக்கும். குஞ்சு வார வரைக்கும் எரையே வேண்டாம். இருட்டுல வச்சு, தொடாம இருக்கணும்."

பத்து நாளில் அவள் பேசின பேச்சு அதுதான்.

குழாயைத் துணியில் சுற்றி பீரோவுக்குள் என் சேலைகளுக்கு நடுவே வைத்தாள். ஒரு வாரம் கழித்துக் காட்டினாள். ரவையை அள்ளி வைத்த மாதிரி முட்டைகள். அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டு ராணி நின்றது. மகள் முகத்தில் லேசாகச் சிரிப்பு.

விசயம் தெரிந்து பக்கத்து வீட்டுக்காரி, "ஊரே எறும்புப் பொடி தூவுது, நீங்க தொட்டில் கட்டுறீகளாக்கா?" என்று வாசலில் நின்று சிரித்தாள். உள்ரூம் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

எல்லோரும் கல்லுப்பொடிக்கு மாறின பிறகும் நான் பச்சரிசி மாவில்தான் கோலம் போடுகிறேன், எறும்பு தின்னட்டுமே என்றுதான். அப்படியிருக்க, என் பீரோவுக்குள்ளேயே ஒரு எறும்பு பட்டினி கிடப்பது மனசு கேட்கவில்லை. காலையில் கோலம் போட்டுவிட்டு வந்து, மகளுக்குத் தெரியாமல் பஞ்சை எடுத்து ஒரு சிட்டிகை மாவு போடுவேன். தினமும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நிற்பேன்.

ஒரு நாள் பார்த்தால் முட்டை ஒண்ணுகூட இல்லை. மாவில் பச்சையாகப் பூசணம். ராணி மட்டும் அசையாமல் நின்றது. இதைப் போய் அவளிடம் எந்த வாயால் சொல்வது?

ரெண்டு நாள் மறைத்தேன். மூணாம் நாள் கதவுக்கு இந்தப் பக்கமாக நின்று, அவள் முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டேன். அவள் குழாயை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"தெறந்து தெறந்து பாத்தா மெரண்டு போகும்மா. முட்டையத் தானே தின்னுரும். விட்டுட்டா திரும்ப இடும்." குழாயை மடியில் வைத்துக்கொண்டு, "என்னையும் அப்பிடி விட்டுரேம்மா" என்றாள். வந்ததிலிருந்து அன்றைக்குத்தான் அழுதாள்.

ராணியைப் புதுக் குழாய்க்கு மாற்றினோம். அதற்குப் பிறகு நான் பீரோவையும் திறக்கவில்லை, உள்ரூம் கதவையும் திறக்கவில்லை. கஞ்சியைக் கதவோரம் வைத்துவிட்டு என் வேலையைப் பார்ப்பேன். மாசம் ஒண்ணாச்சு. ஒரு நாள் அவளாகவே அடுப்படிக்கு வந்து, "என்னம்மா கொழம்பு?" என்று கேட்டாள்.

மார்கழி கடைசியில் நான் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது கூப்பிட்டாள். குழாய்க்குள் நூல் மாதிரி மூணு குட்டி எறும்புகள். "இப்பக் குடும்மா" என்றாள். கருப்பட்டித் தண்ணி ஒரு சொட்டு வைத்தேன். மூணும் வந்து சுற்றி நின்று குடித்தன.

இப்போது அவள் அருப்புக்கோட்டையில், அவள் வீட்டில். எறும்புகள் பெருகி, பெரிய டப்பாவுக்கு மாற்றியிருக்கிறாளாம். போன் பேசும்போது அதுகளைப் பற்றித்தான் விசாரிப்பேன். மற்றதை அவளாகச் சொல்கிற அன்றைக்குக் கேட்டுக்கொள்வேன். அதுவரைக்கும் அந்த ஒரு சிட்டிகை மாவை என் விரலிலேயே வைத்துக்கொண்டிருக்க நான் படித்துக்கொண்டேன்.