தோணிக்காரர் வீட்டுக் கித்தார்

ஓட்டை என்று எதைக் கண்டாலும் எங்கள் வீட்டு ஆண்களுக்குக் கை துறுதுறுக்கும். தோணிக்காரர் வீடு அல்லவா? தண்ணீர் உள்ளே வரக் கூடாது, அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்த ஞானம். அப்படிப்பட்ட வீட்டுக்குள் ஒரு கித்தார் ஓட்டையோடு வந்து சேர்ந்தால் என்ன ஆகும்?

அப்பா, தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு வெங்காயமும் வத்தலும் ஏற்றிப் போகிற தோணியை நடத்தும் தண்டல். கொழும்பில் ஒரு பாட்டுக் குழுவில் இருந்த ஒருவர் ஊரைவிட்டுப் போகையில், "உங்க தங்கச்சி நல்லா வாசிக்குமாமே" என்று கொடுத்தாராம். அப்பாவின் தங்கை, என் அத்தை, கான்வென்டில் ஒரு சிஸ்டரிடம் கித்தார் கற்றவள். வந்தது மின்சாரக் கித்தார். உடம்பு முழுக்கக் கனத்த மரம். ஆனால் உள்ளே இருந்த கருவிகளை யாரோ கழற்றிக்கொண்டதில், கம்பிகளை இழுத்துக் கட்டுகிற தகடு உட்காரும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு குழி. தகட்டின் ஸ்குரூ பிடிக்க மரம் வேண்டும். மரம் இருக்க வேண்டிய இடத்திலோ காற்றுதான் இருந்தது.

பூசை லத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்திருந்த காலம் அது. அத்தை சாமியாரிடம் நச்சரித்து மாதா திருவிழாப் பூசைக்குக் கித்தார் வாசிக்க அனுமதி வாங்கியிருந்தாள். "ஒரு பூசைக்குப் பாப்போம். கொணகொணன்னு இருந்துச்சுன்னா பழையபடி ஆர்மோனியந்தான்" என்றிருந்தார் சாமியார். கோயிலில் தன் சொந்த ஆர்மோனியத்தை வாசித்துக்கொண்டிருந்தவர் வேறு யாருமில்லை, அப்பாவுக்கும் அத்தைக்கும் மூத்தவரான என் பெரியப்பா. அதனால் கித்தார் விளங்காமல் போக வேண்டும் என்று அவர் நேர்ந்துகொண்டிருப்பார் என்றே நான் நம்பினேன். அவர் வாயும் அப்படித்தான்.

முதலில் அப்பா களத்தில் இறங்கினார். பஞ்சைத் திரித்து, குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சி, தோணியின் பலகை இடுக்குகளுக்குக் கலப்பத்து பார்ப்பதுபோலவே குழியில் திணித்து அடைத்தார். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது. பெரியப்பா வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏலே, பிரமாதம்லே! இதக் கடல்ல எறக்கினா ஆளில்லாமலே கொழும்பு போய்ச் சேந்துரும்."

மத்தியான வெயிலில் கலப்பத்து இளகிவிட்டது. ஸ்குரூவைத் திருகினால் அல்வாவுக்குள் போவதுபோல் போனது, தொட்டால் அதே வழியாகத் திரும்பி வந்தது. நானும் அத்தையும் மண்ணெண்ணெய்த் துணியோடு உட்கார்ந்து அத்தனையையும் சுரண்டி எடுத்தோம்.

அடுத்தது அத்தையின் யோசனை. மரத்தூளும் வச்சிரப் பசையும் குழைத்து நிரப்பினாள். காய்ந்ததும் அது சுருங்கி, குழிக்குள் அடைபோலத் தனியே கிடந்து ஆடியது. ஸ்குரூ இறங்கிய இடமெல்லாம் உதிர்ந்தது.

"என்னளா, பொரிமாவு இடிச்சு வச்சிருக்க? ரெண்டு சில்லுத் தேங்காயும் போட்டேன்னா பிள்ளையளுக்குக் குடுக்கலாம்."

அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அவளுக்குக் கண் கலங்கினாலும் கை நிற்காது. உளியால் குழியைத் திரும்பவும் சுத்தமாக்கிவிட்டுத்தான் மூக்கைத் துடைத்தாள். அந்த ஒரு குணத்துக்காகவே அவளைச் சுற்றிக்கொண்டு திரிந்தேன்.

கொடியேறிவிட்டது. திருவிழாப் பூசைக்கு நாள் நெருங்கிற்று. அப்பா விடவில்லை. பிரித்துப் போட்ட தோணியிலிருந்து ஒரு பலகைத் துண்டைக் கொண்டுவந்து, "எத்தன புயலுக்குத் தாங்குன மரம், இது தாங்காதா?" என்றார். அத்தை அதைக் குழிக்கு அளவாக அறுத்து ஒட்டினாள். காலையில் பார்த்தால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, பசை கழன்று, கட்டை வேர்த்துக் கிடந்தது. அத்தை விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"உப்பு கரிக்கி, அண்ணே."

கடலைக் குடித்து வளர்ந்த மரம். அது பசையைப் பிடிக்குமா? கேலிக்குக் காத்திருந்தேன். பெரியப்பாவோ கட்டையை வாங்கி இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஜெயித்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு தேக்குப் பலகையை அத்தை முன்னால் போட்டார். ஒருபக்கம் பழைய பாலீஷ் மினுங்கியது.

"எங்கனயோ கெடந்துது. தேறுனா பாரு, இல்லாட்டா அடுப்புல வையி."

அத்தை அதைத் தடவிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். பிறகு அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். "அண்ணே..." என்று ஆரம்பித்தவளை, "வேலையப் பாருளா, பேச்சுக்கு நேரமில்ல" என்று அடக்கிவிட்டார்.

அவள் வேலை செய்ததைப் பார்த்திருக்க வேண்டும்! பலகை மெலிசு. துண்டுகளாக அறுத்து ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினாள். கித்தார் மரத்தின் ரேகை ஓடிய திசையிலேயே ஒவ்வொரு துண்டின் ரேகையும் ஓட வேண்டும் என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி வைத்தாள். மயிரிழை மயிரிழையாகச் சீவி, காகிதம்கூட நுழையாதபடி குழிக்குள் இறக்கி, மேலே அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். அம்மா அதுவரை சட்னி இல்லாமல் சமாளித்தாள். காய்ந்தபின் ஸ்குரூ கிறீச்சென்று முனகிக்கொண்டு இறங்கியது. அத்தை சிரித்த சிரிப்பு இன்னும் கண்ணில் நிற்கிறது.

திருவிழாவுக்கு முந்தின நாள் பெரியப்பா சாமியாரிடம் போய், "ஆர்மோனியப் பெட்டியில காத்து நிக்க மாட்டேங்கு சாமி. நாளைக்கி வாசிக்க ஏலாது. தங்கச்சியே பாத்துக்கிடட்டும்" என்று சொல்லிவிட்டார்.

பூசையில் கோயில் மைக்கைக் கித்தாரோடு ஒட்டி வைத்து அத்தை வாசித்தாள். கம்பிகள் கொஞ்சமும் இளகவில்லை. காணிக்கைப் பாட்டில் சாமியார்கூட ஒருகணம் திரும்பிப் பார்த்தார். பெரியப்பா ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில், செய்ய வேலையில்லாத விரல்களை மடித்துக்கொண்டு நின்றார்.

எனக்கோ மாதாவின் வல்லமையை நினைத்து மெய்சிலிர்த்தது. சரியாக அந்தப் பூசைக்கென்று பார்த்து ஆர்மோனியத்தைக் கெடுத்துவிட்டாளே! வாசலில் பெரியப்பாவைப் பிடித்து அதைச் சொன்னேன்.

"ஆமாளா, மாதா செஞ்ச புதுமைதான்" என்றார்.

சாயங்காலம் அவர் வீட்டில் ஆர்மோனியத்தின் போர்வையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு பக்கப் பலகையையே காணோம். உள்ளே துருத்தியும் பித்தளை நாக்குகளும் வெட்டவெளியாகத் தெரிந்தன. மற்ற பக்கங்களில் பழைய பாலீஷ் மினுங்கியது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. திண்ணையில் இருந்தவரிடம் ஓடிப்போய், "கவலப்படாதீங்க பெரியப்பா, அப்பாகிட்ட மிச்சத் தோணிப் பலக இருக்கு. அத வச்சு அடச்சிருவோம்" என்றேன்.

பெரியப்பா இருமல் வருகிறவரைக்கும் சிரித்தார். பக்கத்தில் கித்தாரை மடியில் வைத்திருந்த அத்தை ஏன் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை.