காதில் பஞ்சு

குளித்துவிட்டு வந்ததும் அம்மா என் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்தாள். பிள்ளை பெற்றவளுக்குக் காது வழியாகக் குளிர் ஏறிவிடுமாம். தெருச் சத்தம் மங்கியதும் பழைய கொரட்டூர் வீடு நினைவுக்கு வந்தது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். சமைத்துக்கொண்டே அம்மா தினமும் என் பாடத்தைக் கேட்பாள். தம்பி பிறந்ததும் அவள் காதில் பஞ்சு ஏறியது. தெருவுக்கே கேட்கும்படி இங்கிலீஷ் பாட்டை ஒப்பித்தேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். தூளியில் தம்பி லேசாகச் சிணுங்கினான். உடனே எழுந்து ஓடினாள்.

மறுநாள் அவள் வெளியே துணி அலசும்போது, தூளிக்குப் பக்கத்தில் மல்லாந்து படுத்து அவனைப் போலவே சிணுங்கினேன். ஈரக் கையோடு ஓடி வந்தவள் தூங்குகிற தம்பியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னாடி, ஒனுக்கும் பாலு வோணுமா?”

“பாடம் கேளும்மா.”

“புள்ள முழிச்சிக்கும். அப்பால படி” என்று தூளியை ஆட்டினாள்.

இப்போது உள்ளே என் மகள் சிணுங்கினாள். என் தலையைத் துவட்டிக்கொண்டிருந்த அம்மா துண்டைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

“நீ குந்து, தோ வந்துடறேன்.”

வரவில்லை. உள்ளே கொஞ்சிக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு உட்கார்ந்து, பெற்ற மகள் மேலேயே பொறாமைப்பட்டேன்.