நடுவில் உட்கார்ந்தவள்

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. அப்பமும் திராட்சரசமும் பரிமாறுவதற்கு முன்னால் போதகர் சமாதானம் கொடுப்பார். பீடத்திலிருந்து இறங்கும் அது பெஞ்சு பெஞ்சாக, கைக்குக் கை மாறி வரும். பக்கத்தில் நிற்பவர் நம் கைகளைத் தம் கைகளுக்குள் பொத்திப் பிடிப்பார். நாம் திரும்பி அடுத்தவருக்கு அப்படியே செய்ய வேண்டும். யார்மேலாவது பகை இருந்தால் அதை முடித்துவிட்டுப் பந்திக்குப் போ என்பது அதன் அர்த்தம். அர்த்தம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் ஆளுக்கொரு குறுக்குவழி வைத்திருந்தார்கள்.

பெண்கள் பக்கம் நாலாவது பெஞ்சில் என் இடம் இரண்டு பேருக்கு நடுவில். வலப்பக்கம் அக்கா, இடப்பக்கம் தங்கை. கூடப் பிறந்தவர்கள், அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு ஒரே வீட்டுக்கு மருமகள்களாகப் போனவர்கள். திராட்சைப் பந்தலைப் பாகம் பிரித்தபோது போர்வெல் மட்டும் பொதுவில் நின்றது. யார் முறைக்கு யார் மோட்டாரைப் போட்டது என்று ஒரு கோடையில் தொடங்கிய பேச்சு, பேச்சுவார்த்தையே இல்லாமல் போய் முடிந்தது. ஆனாலும் இருவரும் அந்தப் பெஞ்சை விடவில்லை. விட்டவள் தோற்றவள் ஆகிவிடுவாள் அல்லவா? அதனால் நடுவில் ஓர் ஆள் தேவைப்பட்டது.

அக்கா எனக்குக் கொடுப்பாள். நான் தங்கைக்குக் கொடுப்பேன். "சமாதானத் தூதர் வந்தாச்சு" என்று சபைப் பெண்கள் கேலி செய்வார்கள். எனக்கு அதில் பெருமைதான். பெருமை மட்டுமில்லை. கணவர் தவறிப்போன பிறகு வீட்டில் நானும் தையல் மெஷினும்தான். விடியலில் கேரளா எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்புகளின் சத்தம் ஓய்ந்தால் என் தெருவில் வேறு பேச்சு கிடையாது. நாள் முழுக்க ஊரார் உடம்புக்கு அளவெடுக்கிறேன்; என்னைத் தொடுகிறவர் யாருமில்லை. மாதத்தில் ஒரு காலை, இருபுறமும் சூடான கைகள். அதற்காகவே ஒரு திருவிருந்தையும் நான் விட்டதில்லை.

போன மழைக்காலத்தில் தங்கைக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். தேனிக்குப் போய் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தவள், எனக்குப் பின்னால் வேறு யாரும் வருகிறார்களா என்று வாசலையே பார்த்தாள்.

"எங்கக்கா வரலையாக்கா?"

ஊர் திரும்பியதும் நேரே அக்கா வீட்டில் போய் நின்றேன். "ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வாக்கா. வாசலையே பாத்துக்கிட்டுக் கெடக்கா."

அவள் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை. "அதான் மாசாமாசம் ஒங்கையில சமாதானம் குடுத்துவிடுறேன்லத்தா. போதகரய்யாவே பாத்துக்கிட்டுத்தான் நிக்காக. ஏதும் சொன்னாகளா?"

வழியெல்லாம் எனக்கு அவள்மேல் கோபம். வீட்டைத் திறந்து உள்ளே போனதும் என்மேல் கோபம். ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்களே, அந்தக் கூத்தாடி நான்தான். நான் நடுவில் நிற்கும்வரை அவர்கள் சேர வேண்டிய அவசியமே இல்லை. வேறு ஏதாவது வழி காட்டும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசிப் பார்த்தேன். அவர் இறங்கி வரவில்லை.

தங்கை தேறி வந்த முதல் திருவிருந்தன்று, நான் வாசலோரக் கடைசிப் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாலாவது பெஞ்சில் என் இடம் அப்படியே காலியாகக் கிடந்தது. சமாதானம் அக்கா கைக்கு வந்தது. அவள் இடப்பக்கம் திரும்பினாள், ஆள் இல்லை. கழுத்தைத் திருப்பி என்னைத் தேடினாள். நான் கண்ணை மூடி ஜெபிப்பதுபோல் நின்றேன். ஜெபமும் இல்லை, கண் முழுசாக மூடவும் இல்லை. தங்கைக்கு அப்பால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். சபை பாடிக்கொண்டிருந்த பாட்டின் ஒரு சரணம் முடிந்து அடுத்ததும் வந்துவிட்டது. அக்கா ஓரடி நகர்ந்தாள். பிறகு இன்னோரடி. தங்கையின் கைகளைப் பொத்திப் பிடித்தவள், பாட்டுக்கு நடுவிலேயே, "புண்ணு ஆறிருச்சாடி?" என்று சத்தமாகக் கேட்டாள். தங்கை அழுத அழுகையில் ஆண்கள் பக்கம்கூடத் திரும்பிப் பார்த்தது. நானும் அழுதேன். பாதிக்குமேல் சந்தோஷம்தான்.

என் பெஞ்சில் அன்று நான் ஒருத்திதான். சமாதானம் எனக்கு முந்தைய பெஞ்சோடு நின்றுவிட்டது. யாரையும் குறை சொல்ல முடியாது. கடைசியில் ஆள் இருப்பதை யார் கவனிப்பார்கள்? குவித்த கைகளை இறக்கி, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டேன்.

ஆராதனை முடிந்து இருவரும் சேர்ந்தே வெளியே வந்தார்கள்.

"ஏத்தா, அங்கன போயி ஏன் உக்காந்த? எங்க மேல எதுவும் கோவமா?" என்றாள் அக்கா.

"அதெல்லாம் இல்லக்கா. அங்கன ஃபேன் காத்து நல்லா வருது."

"அப்பச் சரி" என்று இருவரும் ஒரே ஆட்டோவில் ஏறினார்கள். கடைசிப் பெஞ்சுக்கு மேல் ஃபேனே கிடையாது. அது சபையில் எல்லோருக்கும் தெரியும். இன்னொரு தடவை கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.