கடவை அடைக்க ஓர் அனுமதி

ஒரு பெட்டியை ஒளித்து வைக்கும் முன், அந்த நிலம் யாருடையதோ அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். இது விதி. தேடிப் போகிறவர்கள் வேலியைச் சேதப்படுத்தக் கூடாது. இதுவும் விதி.

எந்த அரசாணை என்று தேடாதீர்கள். இவை ஒரு விளையாட்டின் விதிகள். ஜியோகேச்சிங் என்று பெயர். யாரோ ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைத்து, அந்த இடம் பூமியில் எங்கே இருக்கிறது என்பதை ஓர் ஆப்பில் போட்டுவிடுவார். முகம் தெரியாத மற்றவர்கள் போனைப் பிடித்துக்கொண்டு தேடிப் போவார்கள். கிடைத்தால் டப்பாவில் உள்ள துண்டுத் தாளில் பெயர் எழுதலாம். உள்ளே கிடக்கும் பொம்மைகளில் ஒன்றை எடுத்தால், அதற்கு ஈடாக ஒன்றை வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் கண்ணில் படாமல் செய்ய வேண்டும். பரிசு? கிடையாது.

இதில் பைத்தியம் எனக்கல்ல... என் மனைவி சுலோச்சனாவுக்கு. பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவள். எனக்குப் பிடித்தது விதிகள் மட்டும். காலமெல்லாம் அரசாங்கக் கோப்பு பார்த்தவனுக்கு, விதிகள் உள்ள விளையாட்டு என்றால் ஒரு மரியாதை. அவள் டப்பாவைத் தேடுவாள். நான் விதிமீறலைத் தேடுவேன். பெரும்பாலும் எனக்குத்தான் முதலில் கிடைக்கும்.

பங்குனியில் கோபிசெட்டிபாளையத்தில் ஒரு கல்யாணம். பந்தி முடிந்து, போத்தனூர் திரும்பக் காரை எடுத்தேன்.

"ஏனுங்க, பக்கத்துலயே ஒண்ணு இருக்குதுங்க," என்றாள் போனைப் பார்த்தபடி.

"நாம கல்யாணத்துக்குத்தானே வந்தோம்?"

"பொண்ணு மாப்பிள்ளையே கெளம்பிட்டாங்க. உங்களுக்கு என்னங்க சோலி?"

தார் ரோடு தீர்ந்த இடத்தில் காரை நிறுத்திவிட்டு, இருபக்கமும் கிளுவை வேலி நெருக்குகிற இட்டேரியில் நடந்தோம். போனில் இருந்த அம்பு வேலிக்கு உள்ளே காட்டியது. உள்ளே என்றால்... யாரோ ஒருவருடைய தோட்டம்.

வேலியில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குக் கடவு. முறித்துத் திறந்த கடவு என்பது பார்த்தாலே தெரிந்தது. இரண்டு மீறல்கள். எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது.

ஆனால் அந்த உற்சாகம் உள்ளே நுழைந்ததும் வடிந்துபோனது. கடவின் இருபுறமும் உடம்பில் கீறாதபடி முள் கழிக்கப்பட்டிருந்தது. வாய்க்காலைத் தாண்ட, ஆடாமல் ஒரு பலகைக்கல். அந்தப் பக்கம் ஒரு பனைமரம். அதன் அடியில், குனிந்து தேடுகிறவர் முழங்கால் படும் இடத்தில், ஒரு சாக்கு மடித்துப் போட்டிருந்தது!

"வெச்ச ஆளு பரவாயில்லையே," என்றேன். "தேடி வர்றவங்களுக்கு முட்டி வலிக்கும்னு வரைக்கும் யோசிச்சிருக்கான்."

"நீங்க ஒருத்தரைப் பாராட்டறீங்களா? தேதியைக் குறிச்சு வெக்கோணும்," என்றாள் சுலோச்சனா.

கற்களுக்கு நடுவில் டப்பா கிடைத்தது. பெயர் எழுதினாள். ஒரு பொம்மைக் காரை எடுத்துக்கொண்டு, தன் சாவிக்கொத்தில் இருந்த பித்தளை மீனைக் கழற்றி வைத்தாள். எடுத்தபடியே மூடி, வைத்தபடியே வைத்துவிட்டு வெளியே வந்தோம்.

இட்டேரியில் ஒரு மொபெட் நின்றிருந்தது. அதன் பக்கத்தில் ஐம்பது வயதை ஒட்டிய ஓர் அம்மாள். எங்களுக்கு முதுகைக் காட்டி, எதிர் வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றார். போனிலேயே பம்புசெட் மோட்டாரை நிறுத்திக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத்தான் திரும்பினார்.

"ஆச்சுங்களா?" என்றார்.

என்ன ஆச்சு? யார் இவர்? நான் தொண்டையைச் செருமினேன். "இந்தத் தோட்டம் யாருதுங்க?"

"நம்முளுதுதானுங்க. உள்ள போலாம்னு வந்தேன். ஆளு இருக்கற சத்தம் கேட்டுது. நீங்க முடிச்சுட்டு வரட்டும்னு நின்னுட்டேனுங்க."

தன் தோட்டத்துக்குள் நுழைய, அத்துமீறி நுழைந்தவர்கள் வெளியே வரட்டும் என்று காத்திருந்தார். அதுவும் முதுகைத் திருப்பிக்கொண்டு.

பெயர் தெய்வானை. சுலோச்சனா பேச்சுக் கொடுக்கக் கொடுக்க விஷயம் வெளியே வந்தது. முள் கழித்தது அவர். கல் போட்டது அவர். சாக்கும் அவருடையது.

"மொதல்ல வந்தவங்க வேலியை முறிச்சுட்டுத்தானுங்க உள்ள போனாங்க. மக்காநாளே முள்ளு வெட்டியாந்து அடைச்சரலாம்னு போனேன். பாத்தா இன்னொருத்தரு வந்து, பனைமரத்துக்குக் கீழ மண்டி போட்டிருக்கறாரு. அக்கம்பக்கம் பாக்கறாரு. ஒரு டப்பாவை எடுத்து என்னமோ எழுதறாரு. மறுக்கா வெச்சுப்போட்டு, சத்தமில்லாம போயிட்டாரு. அப்பறம் ஒவ்வொருத்தரா வாராங்க. ஆரோ தவறிப்போனவங்க நெனப்புக்கு வெச்சிருக்காங்களாட்ட இருக்குதுன்னு விட்டுட்டேனுங்க."

"நீங்க தெறந்து பாக்கலீங்களா?"

"அடுத்தவங்க டப்பாவை எப்படீங்க அக்கா தெறக்கறது?"

சுலோச்சனா என்னைப் பார்த்தாள். நான் பனைமரத்தைப் பார்த்தேன். அடுத்தவர் கண்ணில் படாமல் விளையாட வேண்டும் என்பது எங்கள் விதி. தன் கண்ணில் பட்டது எங்களுக்குத் தெரியக் கூடாது என்பது அவருடைய விதி. எது கடினம்?

இது வெறும் விளையாட்டு என்று சுலோச்சனாதான் மெல்லச் சொன்னாள். கோபப்படுவார் என்று நான் ஒரு மன்னிப்பைத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

"வெளையாட்டுங்களா!" தெய்வானை அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அப்பாடா. ஆருக்கு என்ன கஷ்டமோன்னு வெசனமா இருந்துதுங்க. அப்பக் கேக்கலாம். வெச்சவிங்களைத் தெரியுமுங்களா?"

"எதுக்குங்க?"

"இந்தக் கடவை அடைக்கோணுமுங்க. இது வழியா காட்டுப்பன்னி பூந்து, போன வெள்ளாமைக் கடலைக்காயை முச்சூடும் கெளறிப்போட்டுது. எங்கூட்டுக்காரரு ஒரே சத்தம். ஆடியில மறுக்கா வெதைக்கோணும். அதுக்குள்ள அடைச்சாத்தான் உண்டு. வெச்சவிங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம எப்படீங்க அடைக்கறது?"

வாசகர்களே, விதியை இன்னொரு முறை படியுங்கள். டப்பா வைப்பவர் நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்க வேண்டும். இங்கே, ஒரு வெள்ளாமையைப் பன்றிக்குக் கொடுத்துவிட்டு, நிலத்துக்காரர் டப்பாக்காரரின் அனுமதிக்காகக் காத்திருக்கிறார். எத்தனை கோப்புகள் பார்த்திருப்பேன்? இப்படி ஒரு மனு என் மேசைக்கு வந்ததே இல்லை.

"இப்பவே அடைச்சுப்போடுங்கம்மா. சட்டப்படி உங்களுக்குப் பூரண உரிமை இருக்குது," என்றேன்.

"உரிமை இருக்குதுங்க. ஆருங்க இல்லேன்னா?" என்றார் சாந்தமாக. அதற்கு மேல் நகரவில்லை.

நானே கேட்டுச் சொல்கிறேன் என்று அவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு, அன்றே ஆப் வழியாக டப்பாக்காரருக்கு மெசேஜ் அனுப்பினேன். பொருள், பார்வை, விவரம் எல்லாம் போட்டு முறையாக. பதில் இல்லை. சித்திரையில் ஒரு நினைவூட்டு. பதில் இல்லை. வைகாசியில் 'மிக அவசரம்' என்று தலைப்பிட்டு இன்னொன்று. ஆப்பை நடத்துகிறவர்களிடம் ஒரு புகார் கொடுத்தால் டப்பாவையே பட்டியலிலிருந்து நீக்கிவிடுவார்கள். தெய்வானை அம்மாளைப் போனில் கூப்பிட்டு அதையும் சொல்லிப் பார்த்தேன்.

"புகாருங்களா? வேண்டாமுங்க. அவிங்களுக்கு ஏதாச்சும் தொந்தரவு வந்துரும்," என்றார்.

ஆடி பிறந்தது. மழை பெய்தது. அவர் ஒரு முறை மட்டும் போன் செய்தார். முதலில் சுலோச்சனாவின் உடம்பு எப்படி இருக்கிறது, போத்தனூரில் மழை உண்டா என்று விசாரித்தார். கடைசியில்தான், "பதிலு ஏதாச்சும் வந்துதுங்களா?"

"இல்லீங்க. வெதைச்சாச்சா?"

"ஆச்சுங்க. எங்கூட்டுக்காரரு கடவுக்குக் குறுக்கால கட்டலைப் போட்டு, நாயையும் கட்டிட்டு அங்கயே படுத்துக்கறாருங்க. இடுப்பு வலிங்கறாரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "பெரிய மனசு பண்ணி அடைச்சுப்போடுங்கம்மா. கேட்டது கேட்டதாவே இருக்கட்டும். பதில் வர்றபோது வரட்டும்."

"கேக்கச் சொல்லிப்போட்டு, பதிலு வாரதுக்கு முன்னாலயே செஞ்சா... அப்பறம் எதுக்குங்க கேக்கறது?"

போனை வைத்தேன். என் அலுவலகத்தில் எத்தனை கருத்துக் கேட்புக் கூட்டங்கள்! பந்தல், நாற்காலி, மைக், டீ, போண்டா. எல்லாம் முடிவெடுத்த பிறகு. கருத்துக் கேட்பது என்றால் பதிலுக்காகக் காத்திருப்பது என்று எங்கள் கையேடு எதிலும் போட்டிருக்கவில்லை. போட்டிருந்தாலும், இடுப்பு வலியோடு கடவில் படுத்திருக்கச் சொல்லி எந்தக் கையேடு யாரிடம் கேட்க முடியும்?

விதிகளை எனக்குத் தெரியும். அவை மற்றவரை எண்ணிப் பார்க்காதவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதுதான் தெரியாமல் இருந்தது.

பிறகு ஒரு நாள் காலையில் போன் சிணுங்கியது. டப்பாக்காரர்! வேலை மாறி வெளிநாடு போய்விட்டாராம். ஆப் பக்கமே வரவில்லையாம். யாருடைய நிலம் என்று அப்போது விசாரிக்கவே தோன்றவில்லை, வெட்கமாக இருக்கிறது, வேலியைத் தயவுசெய்து இன்றே அடைக்கச் சொல்லுங்கள், டப்பாவை என்ன செய்வது என்று அந்த அம்மாவே முடிவு செய்யட்டும் என்று எழுதியிருந்தார்.

உடனே தெய்வானை அம்மாளைக் கூப்பிட்டேன். பின்னால் ஒரே இரைச்சல். கொடுமுடியில், காவிரிக் கரையில், குடும்பத்தோடு நிற்கிறாராம். மெசேஜை உரக்கப் படித்துக் காட்டினேன்.

"பாவம், அவ்வளவு தூரத்துல இருந்து பதிலு போட்டிருக்கறாங்க பாருங்க," என்றார். "ஊட்டுக்குப் போனதும் அடைச்சுப்போடறோமுங்க. இன்னைக்காச்சும் எங்கூட்டுக்காரரு ஊட்டுல படுப்பாரு. அந்த டப்பாவை மட்டும் வேலிக்கு வெளிய, இட்டேரிப் பக்கமா எடுத்து வெச்சா அவிங்களுக்குச் சம்மதமான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"அதைத்தான் உங்களையே முடிவு பண்ணச் சொல்லீட்டாரே! சரி, இப்பவே கேக்கறேன்."

"ஐயோ, இப்ப வேண்டாமுங்க. நோம்பியும் அதுவுமா ஆரையும் தொந்தரவு பண்ணக் கூடாது. நாளைக்குக் கேளுங்க."

கோப்பில் சேர்ப்பதற்காகக் குறித்து வைக்கிறேன். பதில் கிடைக்கப்பெற்ற நாள்: ஆடி பதினெட்டு.