பட்டைவால் மூக்கன் என்று எழுதியவன்

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் தன் செல்போனை ஒரு பறவையின் பக்கம் நீட்டினாள். பெயர், சொந்த ஊர், சாப்பாடு எல்லாவற்றையும் அது கடகடவென்று ஒப்பித்துவிட்டது. எனக்கு இதே வேலைக்கு ஒரு காலத்தில் சம்பளமும் கொடுத்து, பைனாகுலரும் கொடுத்திருந்தார்கள். அப்படியும் தப்பாகத்தான் சொன்னேன்.

காரைக்குடிப் பக்கம் ஒரு கண்மாய். அதை மூடி மனை போடலாமா என்று கவர்மென்ட் ஆபீசில் யோசித்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டுப் பறவைகளில் போதுமான வகை வந்தால் மூடாமல் விட்டுவிடுவார்களாம். பார்த்து எழுதும் தற்காலிக ஊழியன் நான். குழம்பில் கிடப்பது என்ன மீன் என்றுகூட எனக்குத் தெரியாது. அந்தத் தகுதிக்குத்தான் வேலை கொடுத்தார்கள் போல.

தை மாதம் சாம்பல் நிறத்தில் ஒன்று, நீண்ட மூக்கைச் சேற்றில் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தது. கருவால் மூக்கன் என்று எழுதினேன். அது சரிதான். பங்குனி பிறந்ததும், பட்டியலில் ஒரு வகை குறைகிறது என்றார் அதிகாரி. அவர் கண்மாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. "இன்னும் ஒண்ணப் புடிச்சிருங்க தம்பி, கண்மாய் தப்பிச்சிரும்" என்றார், ஏதோ கிடாய் பிடிக்கச் சொல்வதுபோல.

மறுநாளே கிடைத்தது. அதே நீள மூக்கு, ஆனால் கழுத்தும் மார்பும் செங்கல் நிறம். புத்தகத்தைப் புரட்டி, பட்டைவால் மூக்கன் என்று எழுதினேன். அந்தக் கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் பாண்டியம்மா, எருமைகளோடு பக்கத்தில் நின்றிருந்தார்.

"சார், தையில பாத்ததுதான் இது. கண்டனூருக்குக் கல்யாணத்துக்கு வாரவுக பட்டுக் கட்டிக்கிட்டா வேற ஆளாயிருவாகளா? ஊருக்குப் பொறப்படப் போகுதுல்ல, சிங்காரிச்சிருக்கு."

கண்மாய் போனால் முதலில் காய்வது அவர் வயல்தான். இருந்தும் உள்ளதைச் சொன்னார். நீங்களே சொல்லுங்கள், கையில் புத்தகம் வைத்திருப்பவன் எருமை மேய்ப்பவர் பேச்சைக் கேட்பானா? அவரைக் காப்பாற்றுகிற பெருமிதத்தில் எழுதியதை அடிக்காமல் விட்டேன்.

சென்னையிலிருந்து வந்த நிபுணர் பட்டியலைப் பார்த்துச் சிரித்தார். பட்டைவால் மூக்கன் கடற்கரைப் பறவையாம், இவ்வளவு உள்ளே வராதாம். ஒன்று பொய் என்றதும் மற்றதெல்லாம் சந்தேகக் கேஸாகிவிட்டது. அவர் பேசிக்கொண்டிருக்கையில் மூக்கன்கள் கண்ணெதிரே மேய்ந்துகொண்டுதான் இருந்தன. காரை விட்டு இறங்கிப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

கண்மாய் இருந்த இடத்தில் இப்போது வரிசையாக வீடுகள். அதில் ஒரு வீட்டில்தான் பாண்டியம்மா பாத்திரம் துலக்குகிறார். போன பங்குனியில் வழியில் பார்த்தேன். திட்டுவார் என்று பயந்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். பிள்ளைகளையெல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டார்:

"ரெண்டுன்னு எழுதுனீகளே சார், அதுல ஒண்ணாச்சும் இப்ப எங்குட்டாவது வருதா?"